வைரம் தேடுவோரும் வழி சொல்வோரும்



வளைகுடாவில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் அன்பர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். வழவழப்பான தாளில் அச்சிட்ட சிறு ஏடு ஒன்று அவர் கையில் இருந்தது. வெளிநாடொன்றில் வைரமும் பிற கனிமங்களும் தேடும் ஒரு நிறுவனம், பங்கு வாங்க வருமாறு அழைக்கும் விளம்பர ஏடு அது. கடைசிப் பக்கத்தில், நரைத்த தலையும் வெயிலில் கறுத்த முகமுமாக நால்வரின் படங்கள். நீண்ட அனுபவமுள்ள நிலவியல் அறிஞர்கள் இவர்கள், எங்களுக்கு ஆலோசகர்களாக இருக்கின்றனர் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"ஹஜ்ரத், இவ்வளவு படித்தவர்கள் துணை நிற்கும்போது நம்பிப் பணம் போடலாம் தானே? மகளுக்கென்று சேர்த்த தொகை இது" என்றார்.

நான் கலைப் பட்டதாரி. பாறைகளைப் பற்றிப் பாடம் படித்தவனல்லன். "ஒரு மாதம் பொறுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அவருக்காகப் படித்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்வது நலமெனத் தோன்றிற்று. இத்தகைய ஏடுகள் இன்று கைப்பேசி வழியாக எத்தனையோ இல்லங்களுக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன.

கல் வியாபாரம் நம் மக்களுக்குப் புதிதன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. கொழும்பிலும் பேருவளையிலும் துண்டுக்கடியில் கைவிரல்களைப் பற்றி விலை பேசிய பெரியவர்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் அந்த வியாபாரத்தில் கல் கண் முன்னே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். கனிமம் தேடும் நிறுவனத்தின் பங்கை வாங்குகிறவர் காண்பது தாளை மட்டுமே. கல்லோ பூமிக்கடியில் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று சொல்லத்தக்கவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் சொல்லைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆகவே அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

வைரம் பிறப்பது, நாம் நடமாடும் நிலத்திலிருந்து ஏறத்தாழ 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில். மிகப் பழமையான கண்டங்களின் அடித்தளத்தில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரி வைரமாகின்றது. அங்கிருந்து அதை மேலே கொணர்வது கிம்பர்லைட் எனப்படும் ஒருவகை எரிமலைப் பாறை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தால் அதற்கு அப்பெயர் வந்தது. இப்பாறை கேரட் கிழங்கைப் போல மேலே அகன்றும் கீழே குறுகியும் நிலத்தில் செருகியிருக்கும். இதைக் குழாய் என்று அத்துறையினர் அழைக்கின்றனர்.

குழாய் கிடைத்துவிட்டால் வைரம் கிடைத்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். உலகில் சில ஆயிரம் கிம்பர்லைட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் சுரங்கம் வைத்து ஆதாயம் காணத்தக்கவை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றிலும், ஒரு டன் பாறைக்கு ஒரு காரட் வைரம் கிடைத்தாலே நல்ல சுரங்கம் என்பர். ஒரு காரட் என்பது கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஆயிரம் கிலோ பாறையை உடைத்து, கிராமில் ஐந்தில் ஒரு பங்கைத் தேடுகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கும் சகோதரிகளுக்கு இந்த வேலையின் அருமை நன்கு விளங்கும்.

ஆகையால் அனுபவமுள்ள நிலவியலார் நேராக வைரத்தைத் தேடுவதில்லை. அதன் உடன்பிறப்புகளைத் தேடுகின்றனர். நம் வணிகர் கோமேதகம் என்று விற்கும் கல்லின் குடும்பத்தைச் சேர்ந்த பைரோப் என்னும் சிவப்புக் கல், பச்சை நிறமுள்ள குரோம் டயாப்சைடு, கறுப்பு நிற இல்மனைட் ஆகியவை கிம்பர்லைட்டோடு மேலே வருகின்றன. மழையும் ஆறும் பனியும் குழாயை அரிக்கும்போது இவை சிதறிச் செல்கின்றன. வைரத்தைவிட இவை எண்ணிக்கையில் மிகுதி. இவற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் பிறப்பிடத்தை அடையலாம்.

இவ்வழியில் வெற்றி கண்டவர்களுள் ஒரு பெண்மணியைக் குறிப்பிட்டாக வேண்டும். லெனின்கிராடு நகரத்து நிலவியலாளர் லரிசா பொபுகாயெவா, 1954ஆம் ஆண்டு கோடையில், சைபீரியாவின் யாகுத்தியாவில் ஓர் உதவியாளரை மட்டும் துணையாகக் கொண்டு காட்டிலும் சேற்றிலும் நடந்தார். ஓடைமணலை அரித்து, சிவப்பு மணிகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்த்துப் பார்த்து, ஆகஸ்டு 21 அன்று சோவியத் நாட்டின் முதல் கிம்பர்லைட் குழாயைக் கண்டறிந்தார். 'ஸர்னிட்சா' என்று அதற்குப் பெயர் சூட்டினார். கண்டுபிடித்த பெருமை தமக்கே வரவேண்டுமென்று விரும்பிய உள்ளூர் ஆய்வுக் குழுவினர், தம் குழுவில் சேரும்படி அவரை நெருக்கிக் கையெழுத்து வாங்கினர். 1957இல் யாகுத்திய வைரத்துக்காக லெனின் பரிசு வழங்கப்பட்டபோது அதில் அவர் பெயர் இல்லை. மண்ணைப் படித்தவர் ஒருவர், மாலை சூடியவர்கள் வேறு சிலர். இத்தொழிலில் இது புதிதல்ல என்கின்றனர்.

தடம் பிடிக்கும் கலையில் அடுத்த பெரிய அடியை வைத்தவர், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கர்னி. ரஷ்யாவில் சோபலேவ் போன்றோர் முன்னரே ஆராய்ந்திருந்ததை அவர் மேலும் கொண்டுசென்றார். சிவப்பு மணிகள் எல்லாம் ஒன்றல்ல. கால்சியம் குறைந்து குரோமியம் மிகுந்திருக்கும் மணிகளே வைரம் பிறக்கும் ஆழத்திலிருந்து வந்தவை என்பதை 1970களில் அவர் தெளிவுபடுத்தினார். குழாய்க்குள் இறங்காமலேயே, ஒரு பிடி மணலை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 'இது நல்ல குழாய், இது வெறுங்குழாய்' என்று ஓரளவு சொல்லும் வழி பிறந்தது. அவருடைய ஆலோசனையைப் பெற்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்று வட அமெரிக்காவில் வைரம் தேடிற்று. அதற்காக உழைத்தவர்கள் சக் ஃபிப்கே, ஸ்டூவர்ட் பிளசன் என்ற கனடிய நிலவியலார் இருவர்.

1980களின் தொடக்கத்தில் அந்த எண்ணெய் நிறுவனம் வைரத் தேடலைக் கைவிட்டது. இவ்விருவரும் கைவிடவில்லை. கனடாவின் வட பகுதியில், பனியுகத்துப் பனிப்பாறைகள் மேற்கு நோக்கி இழுத்துச் சென்ற மணிகளைப் பின்தொடர்ந்து, ஆண்டுக்காண்டு மண் மாதிரிகளைச் சேகரித்தபடி, கிழக்கு நோக்கிப் பல நூறு கிலோமீட்டர் சென்றனர். மரமற்ற வெளி அது. கோடையில் கொசு, குளிர்காலத்தில் உறையும் ஏரிகள். இறுதியில், எல்லோநைஃப் நகருக்கு வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில், லாக் டி கிரா என்னும் ஏரியின் அருகே தடம் நின்றது. தடம் நின்ற இடத்தில் குழாய் இருக்கவேண்டும். பி.எச்.பி. என்னும் பெரிய சுரங்க நிறுவனம் உடன் சேர்ந்தது. 1991 நவம்பரில் அறிவிப்பு வந்தது: 59 கிலோ பாறையில் 81 சிறு வைரங்கள். சில்லறைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த அவர்களுடைய சிறு நிறுவனத்தின் பங்கு விண்ணைத் தொட்டது. 1998இல் எக்காட்டி என்ற பெயரில் கனடாவின் முதல் வைரச் சுரங்கம் திறக்கப்பட்டது.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 81 வைரங்கள் கிடைத்த அந்த முதற்குழாயில் சுரங்கம் தொடங்கவில்லை. பின்னர் அருகிலே கண்டறிந்த வேறு குழாயிலிருந்துதான் தொடங்கிற்று. முதல் அறிவிப்புக்கும் முதல் சுரங்கத்துக்கும் இடையே ஏழாண்டுகள். அதற்கு முன்னே பத்தாண்டுத் தேடல். உண்மையான கண்டுபிடிப்பின் கதையே இப்படி என்றால், ஏட்டில் 'விரைவில்' என்று அச்சிடுவோரை என்னென்பது?

எறும்புப் புற்றில் மாணிக்கம்

நல்லவர் கதையைச் சொன்னேன். மற்றதையும் சொல்லவேண்டும்.

1870களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற இரு உறவினர், வைரமும் மாணிக்கமும் நீலமும் நிறைந்த பையொன்றைச் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துப் பணக்காரர்களிடம் காட்டினர். மேற்கு மலைப்பகுதியில் தாங்கள் கண்ட நிலத்திலிருந்து எடுத்தவை என்றனர். நியூயார்க்கின் புகழ்பெற்ற நகை வணிகர் டிஃபனி அவற்றைப் பார்த்து மிகப் பெரிய தொகைக்கு மதிப்பிட்டார். பட்டை தீட்டாத கல்லை மதிப்பிடுவதில் அவருக்குப் பழக்கமில்லை என்பது பின்னர் தெரிந்தது.

செல்வந்தர்கள் முட்டாள்களல்லர். நிலத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆலோசகரை நியமித்தனர். ஹென்றி ஜேனின் என்பவர். நூற்றுக்கணக்கான சுரங்கங்களைப் பரிசோதித்து, எச்சரிக்கை மிக்கவரெனப் பெயரெடுத்த பொறியாளர். அவர் சென்றார்; தோண்டினார்; கற்கள் கிடைத்தன. சில ஆட்கள் வேலை செய்தால் மாதம் பத்து லட்சம் டாலருக்குக் கற்கள் எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். அவருக்குக் கிடைத்த கூலி 2,500 டாலர். அத்தோடு ஆயிரம் பங்குகளை மலிவு விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் கொடுத்திருந்தனர். அவற்றை நல்ல இலாபத்துக்கு விற்கவும் செய்தார். அவர் பொய்யர் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் கல் இருக்கிறதென்று சொன்னால் ஆதாயம், இல்லையென்று சொன்னால் வெறும் கூலி என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அவர் கண் நேராகப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் சரி?

1872இல், அரசாங்கத்தின் நில அளவைப் பணியில் அப்பகுதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருந்த நிலவியலார் கிளாரன்ஸ் கிங் இச்செய்தியைக் கேட்டுத் திகைத்தார். தாம் ஆராய்ந்த நாட்டில் இப்படியொரு புதையலா! வெளியான துப்புகளைச் சேர்த்து இடத்தைத் தாமே கண்டுபிடித்து, நவம்பரின் குளிரில் தம் குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தார். கற்கள் கிடைத்தன. முதல் நாள் அவர்களும் மகிழ்ந்தனர். மறுநாள்தான் ஐயம் எழுந்தது. இயற்கையில் ஒன்றாகப் பிறவாத கற்கள் இங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. மனிதர் கால்பட்ட இடத்தில் மட்டும் கிடைக்கின்றன. நீரோடையின் அடியில், கட்டாயம் சேர்ந்திருக்கவேண்டிய இடத்தில், தோண்டினால் ஒன்றுமில்லை. எறும்புப் புற்றுகளில் மாணிக்கம் இருந்தது. உற்றுப் பார்த்தால், எறும்பின் வாயிலுக்குப் பக்கத்தில் குச்சியால் குத்திய துளையும் இருந்தது! யாரோ கற்களை வாங்கி வந்து விதைத்திருக்கின்றனர்.

கிங் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு விரைந்து உண்மையை நிறுவனத்தாரிடம் கூறினார். சில நாட்கள் வெளியிடாமல் பொறுக்குமாறு அவரை வேண்டினர். அந்தச் சில நாட்களில் பங்குகள் யார் தலையில் விழும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் மறுத்துவிட்டார், செய்தி வெளியாயிற்று. 1879இல் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத்துறை அமைந்தபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே.

ஜேனினும் கிங்கும் ஒரே நிலத்தைப் பார்த்தவர்கள், வாசகர்களே. படிப்பிலும் அனுபவத்திலும் இருவரும் சளைத்தவர்களல்லர்.

ஆசிரியர்களின் ஓய்வூதியம்

இது பழங்கதை என்று நினைக்கவேண்டா. 1997ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். அது வைரமன்று, தங்கம். ஆயினும் பாடம் ஒன்றே.

பிரி-எக்ஸ் என்பது கனடாவின் கால்கரி நகரத்துச் சிறு நிறுவனம். 1993இல் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் காட்டில் பூசாங் என்னுமிடத்தில் தங்கம் தேடும் உரிமையை வாங்கிற்று. களத்தில் அனுபவமிக்க நிலவியலார் இருந்தனர். ஆண்டுக்காண்டு தங்கத்தின் அளவு ஏறிக்கொண்டே போயிற்று. 1997 பிப்ரவரியில் 7 கோடியே 10 லட்சம் அவுன்ஸ் என்றனர். அதாவது ஏறத்தாழ 2,200 டன்! நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரை எட்டியது. இருப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தது வெளியார் ஆலோசனை நிறுவனம் ஒன்று. அவர்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்கிடுவதற்காக அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட எண்களே பொய்.

நிலத்தைத் துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மறுபாதியைப் பத்திரப்படுத்துவது இத்துறையின் வழக்கம். பின்னர் எவரேனும் ஐயுற்றால் மறுபாதியைச் சோதிக்கலாம். பூசாங்கில் தண்டு முழுவதையும் நொறுக்கிவிட்டனர். ஆய்வுக்கூடம் செல்லுமுன் மாதிரிப் பைகளில் ஆற்று மணலிலிருந்து எடுத்த தங்கத் துகள்கள் கலக்கப்பட்டன. ஆற்றில் உருண்ட துகளுக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். பாறையிலிருந்து வந்த துகளுக்கு அப்படியிராது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது போதும். பார்க்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

மார்ச் 19 அன்று களத்தின் நிலவியலார் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். ஒரு வாரத்தில், கூட்டுச்சேர வந்த அமெரிக்க நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிய துளைகளிட்டுப் பார்த்து, சொல்லத்தக்க அளவு தங்கம் இல்லையென அறிவித்தது. மே மாதம், ஸ்டிராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனத்தின் கிரஹாம் ஃபார்குவர்சன் தனியே துளையிட்டுச் சோதித்து, முழுவதும் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். மறைப்பதற்கு அதன்பின் எதுவும் இல்லை. பங்குகள் வெற்றுத்தாளாயின.

யார் பணம் போயிற்று? வீட்டை அடமானம் வைத்து வாங்கிய சாதாரண மக்களின் பணம் போயிற்று. ஒண்டாரியோ மாநிலத்து ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் அதில் பெருந்தொகை இழந்தது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்த வரியைப் படித்தபோது ஏட்டைச் சற்று மூடி வைத்துவிட்டேன்.

இந்த அவமானத்துக்குப் பிறகே கனடா விழித்துக்கொண்டது. 2001இல் 43-101 என்ற எண்ணுள்ள விதி நடைமுறைக்கு வந்தது. கனிம இருப்பைப் பற்றி நிறுவனம் வெளியிடும் தொழில்நுட்பத் தகவலுக்கு, தகுதி பெற்ற ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு ஐந்தாண்டு அனுபவமாவது இருக்கவேண்டும். தவறினால் தண்டிக்கும் அதிகாரமுள்ள தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருக்கவேண்டும். பொதுவாக, நிலத்தை நேரில் சென்று பார்க்கவும் வேண்டும். முக்கியமான அறிக்கைகளுக்கு, அந்நிறுவனத்தில் ஆதாயம் ஏதுமில்லாத சுயேச்சையானவராக இருத்தல் வேண்டும். அறிக்கையைப் பொதுமக்கள் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இதை ஒத்த விதிமுறை 1989 முதலே உண்டு.

இவை யாவும் அமானத் என்ற ஒரு சொல்லுக்கு எழுதிய விளக்கவுரை போல எனக்குத் தோன்றுகின்றன. பங்கு வாங்குவது கூடுமா கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பை முஃப்திகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதற்குள் புகவில்லை.

நேர்மையான ஆலோசகர், உண்மையான வைரம், எல்லாம் இருந்தும் சுரங்கம் எழாமற் போவதும் உண்டு. நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டத்தில் பந்தர் என்னுமிடத்தில் ரியோ டின்டோ என்ற உலகப் பெரு நிறுவனம் 2004இல் வைரம் கண்டது. காட்டு நிலம், அனுமதிச் சிக்கல்கள். 2017இல் எல்லாவற்றையும் மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. மேலும், ஆய்வுக்கூடத்தில் செய்யும் வைரம் பெருகியதால், அண்மை ஆண்டுகளில் சுரங்க வைரத்தின் விலையும் இறங்கியிருக்கிறது. நிலவியலார் மண்ணைத்தான் படிக்கமுடியும்; சந்தையையும் சர்க்காரையும் அவரால் படிக்கமுடியாது.

சொன்னபடி ஒரு மாதம் கழித்து அந்த அன்பர் வந்தார். ஏட்டை மீண்டும் விரித்தோம். நால்வரின் படங்கள் இருந்தன, பட்டங்கள் இருந்தன. அவர்கள் அந்த நிலத்துக்கு எப்போதாவது சென்றார்களா என்பது இல்லை. எந்த அறிக்கையில் யார் கையெழுத்திட்டார் என்பதும் இல்லை. மாதிரிகளை எந்த ஆய்வுக்கூடம் சோதித்தது, பிளந்த தண்டின் மறுபாதி எங்கே இருக்கிறது என்ற விவரமும் இல்லை. இவற்றோடு, ஆலோசகர்களுக்கு நிறுவனம் கூலி தருகிறதா பங்கு தருகிறதா என்ற கேள்வியையும் சேர்த்து, கல்லூரியில் படிக்கும் அவர் மகளே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, ஏட்டில் கண்ட முகவரிக்கு அனுப்பினாள்.

பங்கு வாங்கச் சொல்லி வாரத்துக்கு இருமுறை தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தவர், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அழைக்கவில்லை. பணம் வங்கியிலேயே இருக்கிறது.